பாலம் கேட்கும் பலி

எங்கேயாவது ஒரு பெரிய பாலமோ அணைக்கட்டோ எழும்பத் தொடங்கினால், கூடவே ஒரு வதந்தியும் எழும்புவது நம் பக்கத்து வழக்கம். தூண் நிற்க மாட்டேன் என்கிறதாம், பலி கேட்கிறதாம், தலைச்சன் பிள்ளையாகப் பார்த்துப் பிடித்துப் போகிறார்களாம். விளக்கு வைத்த பிறகு குழந்தைகள் வாசலில் விளையாடக் கூடாது என்று பாட்டிமார் கண்டிப்புச் செய்வார்கள். நாலெழுத்துப் படித்ததும் நாம் இதை மூட நம்பிக்கை என்று ஒதுக்கிவிடுகிறோம். ஒதுக்க வேண்டியதுதான். ஆனால், படித்தவர்களிடம் இந்த நம்பிக்கை அடியோடு இல்லை என்று மட்டும் நினைத்துவிடக் கூடாது.

1930-ஐ ஒட்டிய வருஷங்களில் அமெரிக்காவில் பாலம் கட்டுகிறவர்களிடையே ஒரு கணக்கு வழங்கி வந்தது. பத்து லட்சம் டாலர் செலவாகும் வேலைக்கு ஓர் உயிர் போகும் என்பதே அந்தக் கணக்கு. இரும்பு இத்தனை டன், சிமென்ட் இத்தனை பீப்பாய், மனிதர் இத்தனை பேர். இப்படிக் கணக்குப் போட்டவர்கள் கல்நெஞ்சர்கள் அல்ல. பெரிய படிப்புப் படித்தவர்கள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கோவிலுக்குப் போகிறவர்கள். அடை மழை பெய்தால் நாலு குடிசை விழத்தானே செய்யும் என்பது போல, பாலம் கட்டினால் நாலு பேர் விழத்தானே செய்வார்கள் என்று இருந்துவிட்டார்கள். நம் பாட்டிமார் பயந்துகொண்டு சொன்னதை அவர்கள் பயப்படாமல் சொன்னார்கள். வித்தியாசம் அவ்வளவுதான்.

இந்தக் கணக்கைப் பொய்யாக்கிப் பார்ப்பது என்று கிளம்பிய ஒரு பாலத்தின் சரித்திரத்தைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

அதற்கு முன்னால் ஸ்காட்லாந்துக்கு ஒரு நடை போய் வர வேண்டியிருக்கிறது. எடின்பரோவுக்கு அருகே ஃபோர்த் என்ற கழிமுகத்தின் குறுக்கே 1882-இல் ஒரு ரயில் பாலம் கட்ட ஆரம்பித்து, 1890 மார்ச் மாதம் திறந்தார்கள். நாலாயிரத்துக்கும் அதிகமான ஆட்கள் அதில் வேலை செய்தார்கள். இரும்புக் கைகளை இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டு, மூன்று ராட்சதர்கள் தண்ணீரில் நிற்பது போன்ற பாலம் அது. அங்கே ஒரு காரியம் செய்தார்கள். வேலை நடக்கும் இடத்துக்கு நேர் கீழே படகுகளை நிறுத்தி வைத்தார்கள், மேலேயிருந்து யாராவது விழுந்தால் எடுப்பதற்கு. அந்தப் படகுகள் எட்டுப் பேரைக் காப்பாற்றின. பாக்கிப் பேர்? அந்தப் பாலத்தில் மாண்டவர்கள் 57 பேர் என்று நூறு வருஷத்துக்கு மேலாகப் புத்தகங்களில் எழுதி வந்தார்கள். இந்த நூற்றாண்டில் உள்ளூர்க்காரர்கள் சிலர் பழைய பதிவேடுகளைப் புரட்டிப் பார்த்து, 57 அல்ல, 73 என்று கண்டுபிடித்தார்கள். அடித்த ரிவெட்டுக்குக் கணக்கு இருந்த இடத்தில், விழுந்த ஆளுக்குச் சரியான கணக்கு இருக்கவில்லை!

ஆனாலும் அந்தப் படகை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். விழுந்தவனைத் தேட வேண்டும் என்று ஒருவனுக்குத் தோன்றியதே பெரிது. விழுகிறவனை நடு வழியிலேயே பிடித்தால் என்ன என்ற அடுத்த யோசனை பிறப்பதற்கு மேலும் அரை நூற்றாண்டு ஆயிற்று.

இனி ஸான்பிரான்ஸிஸ்கோவுக்குப் போவோம். பசிபிக் சமுத்திரம் அந்த ஊர் வளைகுடாவுக்குள் நுழைகிற ஒடுக்கமான வழிக்குத் தங்க வாயில் என்று பெயர். அதன் குறுக்கே நிற்கும் செம்மை நிறத் தொங்கு பாலத்தை வாசகர்கள் படத்திலாவது பார்த்திருப்பார்கள். கோபுரத்துக்குக் கோபுரம் 4,200 அடி. கோபுரத்தின் உயரம் தண்ணீரிலிருந்து 746 அடி. பாதையிலிருந்து கீழே கடல் சுமார் 220 அடி. அந்த இடத்தில் கோடைக் காலத்திலும் குளிர் காற்று அடிக்கும். மூடுபனி வந்து கவிந்தால் இரும்பெல்லாம் வியர்த்து வழுக்கும். தவறி விழுந்தவன் நான்கு வினாடிக்குள் தண்ணீரைத் தொடுவான். அந்த உயரத்திலிருந்து விழும்போது தண்ணீர் என்பது தண்ணீர் அல்ல; கருங்கல் தரைதான்.

1933-ஆம் வருஷம் ஜனவரி 5-ஆம் தேதி வேலை தொடங்கியது. அமெரிக்காவில் வேலையில்லாத் திண்டாட்டம் உச்சத்தில் இருந்த சமயம் அது. நாலு பேரில் ஒருவருக்கு வேலை இல்லை. இப்படிப்பட்ட காலத்தில் ஓர் ஆள் விழுந்தால் அவன் இடத்துக்கு வர வாசலில் பத்து ஆள் காத்திருப்பான். ஆகவே, உயிரைப் பற்றி முதலாளி அதிகம் கவலைப்பட வேண்டிய அவசியமே இல்லாத காலம். உயிருக்கு மதிப்பு வந்தது இந்தக் காலத்தில்தான் என்பதை நினைத்தால் வியப்பாக இருக்கிறது.

பாலத்தின் தலைமை இன்ஜினீயர் ஜோஸப் ஸ்ட்ராஸ். சின்ஸினாட்டி ஊர்க்காரர்; குள்ளமான மனிதர். காலேஜில் படிக்கும்போது கால்பந்துக் கோஷ்டியில் சேரப் போய் அடிபட்டு ஆஸ்பத்திரியில் கிடந்தாராம். ஜன்னல் வழியாக ஓஹையோ நதியின் மேலிருந்த தொங்கு பாலம் தெரிந்ததாம். பாலத்தின் மீது மோகம் அப்படித்தான் பிறந்தது என்று அவரைப் பற்றிச் சொல்வார்கள். ஓய்வு நேரத்தில் கவிதையும் எழுதுவார்.

அவரை மகாத்மாவாக்கிவிட எனக்கு எண்ணமில்லை. இந்தப் பாலத்தின் மிக நுட்பமான கணக்குகளைப் போட்டவர் சார்லஸ் எல்லிஸ் என்ற மற்றோர் இன்ஜினீயர். ஸ்ட்ராஸ் அவரை வேலையிலிருந்து விலக்கியதோடு, பெயரையும் வெளியே தெரியாமல் செய்துவிட்டார். பால நிர்வாகத்தார் எல்லிஸுக்கு உரிய பெருமையை 2007-இல்தான் முறைப்படி ஒப்புக்கொண்டார்கள். சக இன்ஜினீயரிடம் இத்தனை கஞ்சத்தனமாக நடந்துகொண்ட மனிதர், முகம் தெரியாத கூலியாட்களின் உயிர் விஷயத்தில் தாராளமாக இருந்தார். கதையில் இப்படி ஒரு பாத்திரத்தைப் படைத்தால் பொருந்தவில்லை என்பார்கள். வாழ்க்கை அதைப் பற்றிக் கவலைப்படுவதில்லை.

ஸ்ட்ராஸ் செய்தவற்றில் பெரும்பாலானவை மிகச் சின்னக் காரியங்கள். முதலாவது, தொப்பி. ஸான்பிரான்ஸிஸ்கோவில் புல்லார்ட் என்பவரின் குடும்பம் சுரங்கத் தொழிலாளருக்கு வேண்டிய சாமான்களை விற்று வந்தது. அந்த வீட்டுப் பிள்ளை முதல் உலக யுத்தத்துக்குப் போய், தலையில் எஃகுக் கவசத்தோடு திரும்பி வந்தான். யுத்த களத்தில் தலைக்குக் கவசம் உண்டென்றால் சுரங்கத்தில் மட்டும் ஏன் கூடாது? கித்தான் துணியை ஆவியில் வேகவைத்து, பல மடிப்பாகப் பசை போட்டு ஒட்டி, கறுப்பு வர்ணம் பூசி, 1919-இல் ஒரு தொப்பி செய்தார்கள். அதே காலத்தில் நெவாடாப் பக்கம் ஹூவர் அணை கட்டிய தொழிலாளிகள் சிலர், தங்கள் துணித் தொப்பிகளைத் தாங்களே தாரில் முக்கி இறுக வைத்து அணிந்துகொண்டார்கள். மலைச் சரிவிலிருந்து உருளும் கல்லுக்கு அவர்கள் கண்டுபிடித்த மாற்று அது. ஸ்ட்ராஸ் கேட்டுக்கொண்டதன் பேரில் புல்லார்ட் கம்பெனி பாலத்து வேலைக்கு ஏற்றபடி தொப்பி செய்து கொடுத்தது. தலையில் தொப்பி இல்லாதவனுக்குப் பாலத்தில் வேலை இல்லை என்று உத்தரவாயிற்று.

இரண்டாவது, கண்ணாடி. கடலிலிருந்து எழும் ஒளி கண்ணைக் கூசச் செய்து காலைத் தடுமாற வைக்கும்; அதற்குத் தனிக் கண்ணாடி. மூன்றாவது, காற்றில் முகமும் கையும் வெடிக்காமல் பூசிக்கொள்ளக் களிம்பு. நான்காவது, தலைசுற்றல் வராதிருக்கத் தனிப்பட்ட உணவு. முதல் நாள் இரவு குடித்துவிட்டுக் காலையில் மந்தமாக வருகிறவனுக்குப் புளித்த முட்டைக்கோசுச் சாற்றைக் கொடுத்து மயக்கத்தைத் தெளிய வைத்தார்கள். குடிக்காதே என்று உபதேசம் செய்து பயனில்லை என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது! வேலை நடக்கும் இடத்திலேயே ஒரு சிறு ஆஸ்பத்திரி. இடுப்பில் கட்டிக்கொள்ளக் கயிறு.

கோபுரத்தின் உள்ளே வேறு விதமான ஆபத்து ஒன்று இருந்தது. கோபுரம் என்பது தேன்கூடு போலச் சிறு சிறு இரும்பு அறைகளால் ஆனது. இரும்பின் மேல் ஈயம் கலந்த சிவப்புப் பூச்சு. பழுக்கக் காய்ந்த ரிவெட்டை அதில் இறக்கினால் பூச்சு புகைந்து, அந்தப் புகை வெளியேற வழியில்லாமல் அறைக்குள்ளேயே சுற்றும். ஆட்கள் ஒவ்வொருவராக வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்தார்கள். குற்றவாளி ஈயம் என்று தெரிந்த பிறகு, மூச்சை வடிகட்டும் மூடிகளைக் கொடுத்தார்கள். உயரத்திலிருந்து விழுவது ஒன்றுதான் சாவு என்று நாம் நினைக்கிறோம். மூச்சு வழியாகவும் அது வரும், சத்தமில்லாமல்.

எல்லாவற்றையும்விடத் தொழிலாளிகளுக்குப் பிடிக்காத உத்தரவு ஒன்று உண்டு. உயரத்தில் வேலை செய்கிறவர்களுக்கு ஒரு வீம்பு இருக்கும். ஒற்றை உத்தரத்தின் மேல் கையை வீசிக்கொண்டு நடப்பது, வடத்தின் நுனியில் தொங்கிக் காட்டுவது, இதெல்லாம் அவர்களுக்குக் கௌரவம். அந்தக் கௌரவத்தை வைத்தே அவர்களைப் பற்றிக் கதை எழுதுகிறவர்களும் பிழைத்து வந்தார்கள். ஸ்ட்ராஸ் இதற்கு இடம் கொடுக்கவில்லை. சாகசம் காட்டுகிறவன் அகப்பட்டால் அன்றைக்கே சீட்டுக் கிழிந்தது.

இனி அந்த வலைக்கு வருகிறேன்.

கோபுரம் எழும்பி, வடமும் பின்னி முடிந்து, 1936-இல் பாதை போடும் கட்டம் வந்தது. இரு பக்கமிருந்தும் இரும்புச் சட்டங்களை ஆகாயத்தில் நீட்டிக்கொண்டு போக வேண்டும். காலடியில் கடலைத் தவிர ஒன்றும் கிடையாது. ஸ்ட்ராஸ் அதற்குக் கீழே ஒரு வலையைக் கட்டச் சொன்னார். சர்க்கஸ் கூடாரத்தில் ஊஞ்சலாடுகிறவர்களுக்குக் கீழே கட்டுகிறார்களே, அதே மாதிரி வலை. மணிலாக் கயிற்றில் ஆறு அங்குலக் கண்ணி விட்டுப் பின்னியது. பாதை எவ்வளவு அகலமோ அதைவிட 10 அடி அதிக அகலம். வேலை முன்னேற முன்னேற வலையும் 15 அடி முன்னால் போய்க்கொண்டே இருக்கும். செலவு 1,30,000 டாலர்.

இந்தப் பணம் பெரிதா, சிறிதா? பாலத்துக்கு ஆன மொத்தச் செலவு சுமார் 3½ கோடி டாலர். நூறு டாலருக்கு 37 காசு வீதம் வலைக்குப் போயிற்று. இதைக்கூடத் தண்டச் செலவு என்று சொல்ல ஆள் உண்டு. ஆனால் நடந்தது வேறு. கீழே வலை இருக்கிறது என்ற தைரியத்தில் ஆட்களின் கை வேகமாக ஓடியது. பயந்தவன் ஒரு கையால் உத்தரத்தைப் பிடித்துக்கொண்டு மறு கையால்தான் வேலை செய்வான். பயம் தெளிந்தவனுக்கு இரண்டு கையும் உண்டு.

அந்த வலையில் விழுந்து பிழைத்தவர்கள் 19 பேர். நரகத்துக்குப் பாதி வழி போய்த் திரும்பியவர்கள் என்ற அர்த்தத்தில் அவர்கள் தங்களுக்குள் ஒரு சங்கம் வைத்துக்கொண்டார்கள். அதில் ஒருவர் ஆல் ஸாம்பா. 1936 அக்டோபரில் கால் வழுக்கி விழுந்தார். அவர் விழுந்த இடத்தில் வலைக்கு அடியில் கடல் இல்லை, கரைப் பாறை. வலை தொய்ந்து பாறையில் இடித்து முதுகெலும்பு நான்கு இடத்தில் முறிந்தது. மாதக்கணக்கில் படுக்கையில் கிடந்துவிட்டு, எழுந்து மறுபடியும் பாலம் கட்டவே போனார் அந்த மனிதர்!

வேலை தொடங்கி மூன்று வருஷமும் ஒன்பது மாதமும் வரை அந்தப் பாலத்தில் ஒரு சாவுகூட இல்லை. பத்து லட்சத்துக்கு ஓர் உயிர் என்ற கணக்கை மனப்பாடம் செய்தவர்களால் இதை நம்ப முடியவில்லை. 1936 அக்டோபர் 21-ஆம் தேதி பாரந்தூக்கி ஒன்று சாய்ந்து ஒருவர் இறந்தார். அதுவே முதல் சாவு. அதோடு நின்றிருந்தால் என் கட்டுரையும் இங்கே சந்தோஷமாக முடிந்திருக்கும்.

1937 பிப்ரவரி 17-ஆம் தேதி காலை. பாலம் அநேகமாக முடிந்துவிட்டது; திறப்பு விழாவுக்கு இன்னும் மூன்று மாதம்தான். பாதைக்குக் கான்கிரீட் போட்டாகிவிட்டது. அடியில் கொடுத்திருந்த சென்ட்ரிங் பலகைகளைப் பிரிக்க வேண்டும். அதற்காகப் பாலத்தின் அடி வயிற்றில் தொங்கியபடி நகருகிற சாரம் ஒன்று செய்திருந்தார்கள். பல டன் கனம். அதைப் பிடித்திருந்த பிடிகள் விட்டுவிட்டன. சாரம் ஆட்களோடு வலையின் மேல் விழுந்தது. வலை ஒரு கணம் தாங்கியது. பிறகு கிழிந்து, எல்லாவற்றையும் வாரிக்கொண்டு கடலுக்குள் போயிற்று. 12 பேர் போனார்கள். இரண்டு பேர் உயிரோடு எடுக்கப்பட்டார்கள். 10 பேர் மாண்டார்கள்.

ஆக மொத்தம் 11. மே மாதம் 27-ஆம் தேதி பாலத்தைத் திறந்தபோது ஜனங்கள் நடந்தும் ஓடியும் அதைக் கடந்து ஆரவாரித்தார்கள். ஸ்ட்ராஸ் அதற்கு மறு வருஷமே காலமானார்.

வலை தோற்றுவிட்டது என்று அப்போது சொன்னவர்களும் உண்டு. அதை நான் பலமுறை யோசித்துப் பார்த்திருக்கிறேன். அந்த வலை ஒரு மனிதனைத் தாங்குவதற்காகப் பின்னியது. ஒரு மனிதன் விழுந்த போதெல்லாம் அது தாங்கியது. அன்றைக்கு அதன்மேல் விழுந்தது மனிதன் அல்ல, சாரம். விழுகிற மனிதனுக்கு வலை போட யோசித்தவர்கள், மனிதன் நிற்கிற பலகையின் பிடியை அதே கவனத்தோடு யோசித்திருக்க வேண்டும். வலை என்பது கடைசிக் காவல்தான். அதற்கு முன்னால் இருக்க வேண்டிய காவல்கள் எத்தனையோ. ஒரு காவலை நம்பி மற்றதைத் தளர விட்டால் விலை கொடுக்க வேண்டியிருக்கும் என்பதை அந்தப் பத்துக் குடும்பங்கள் உலகத்துக்குக் கற்றுக்கொடுத்தன.

இனி, அந்தப் பழைய கணக்கை எடுத்துப் பார்ப்போம். மூன்றரைக் கோடி டாலருக்கு 35 உயிர் என்றது கணக்கு. மாண்டவர் 11, வலை பிடித்துக் கொடுத்தவர் 19. கூட்டினால் 30. கணக்குப் போட்டவர்கள் ஒன்றும் அசடர்கள் அல்ல என்று இதிலிருந்து தெரிகிறது. எத்தனை பேர் விழுவார்கள் என்பதை அவர்கள் ஏறக்குறையச் சரியாகவே சொல்லியிருக்கிறார்கள். விழுந்தவர்கள் செத்துத்தான் ஆக வேண்டும் என்ற இடத்தில்தான் தவறினார்கள். விழுவது மனித இயல்பு. சாவது, யாரோ ஒருவர் 37 காசை மிச்சம் பிடித்ததன் பலன்.

இவ்வளவு தெளிவாக நிரூபித்த பிறகு உலகம் உடனே திருந்தியிருக்கும் என்று வாசகர்கள் எதிர்பார்க்கலாம். நியூயார்க் துறைமுகத்தின் வாயிலில் வெரஸானோ பாலம் 1959-இல் ஆரம்பித்து 1964-இல் முடிந்தது. தங்க வாயில் பாலத்தைவிட 60 அடி அதிக நீளமான நடுக்கண் அதற்கு. உலகத்திலேயே நீளமானது என்ற பட்டத்தை அது தட்டிக்கொண்டு போயிற்று. அந்தப் பாலத்தில் வலை இல்லை. 1963 அக்டோபரில் 19 வயதுப் பையன் ஒருவன் விழுந்து இறந்தான். அவனுக்கு முன்னால் இரண்டு பேர் இறந்திருந்தார்கள். வலை கட்டினால்தான் ஏறுவோம் என்று அந்த வருஷக் கடைசியில் தொழிலாளிகள் கருவியைக் கீழே வைத்துவிட்டு நடந்தார்கள். பிறகு வலை வந்தது. அதன் பின் விழுந்தவர்கள் வலையில் விழுந்து பிழைத்தார்கள். கண்டத்தின் ஒரு கரையில் கற்ற பாடம் மறு கரைக்குப் போய்ச் சேர 26 வருஷமும் ஒரு வேலை நிறுத்தமும் தேவைப்பட்டன! தொழிலிடப் பாதுகாப்புக்கு அமெரிக்கா முழுவதற்குமான சட்டம் 1970 டிசம்பரில்தான் நிறைவேறியது.

கதை எழுதுகிறவன் என்ற முறையில் எனக்கு இதில் ஒரு சங்கடம் உண்டு. விழுந்தவனைப் பற்றி எழுதினால் வாசகர் கண்ணில் நீர் வரும். விழுந்தும் சாகாதவனைப் பற்றி எழுதினால் ஒரு புன்சிரிப்பாவது வரும். விழவே விழாதவனைப் பற்றி என்ன எழுதுவது? காலையில் தொப்பியை மாட்டிக்கொண்டு போனான், இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டான், வேலையை முடித்தான், சாயங்காலம் வீட்டுக்கு வந்தான், மனைவியோடு கொஞ்சம் சண்டை போட்டான், சாப்பிட்டுத் தூங்கினான். எந்தப் பத்திரிகையும் இந்தக் கதையைப் போட்டுக்கொள்ளாது. ஆனால் ஸ்ட்ராஸும், புல்லார்ட் வீட்டுப் பிள்ளையும், தாரில் தொப்பியை முக்கிய ஹூவர் அணைத் தொழிலாளியும் பாடுபட்டதெல்லாம் இந்த மாதிரிச் சுவாரஸ்யமில்லாத சாயங்காலங்களை ஆயிரக்கணக்கில் உண்டாக்குவதற்காகத்தான். மாண்ட 11 பேரின் பெயரைப் பாலத்தில் பலகையில் பொறித்து வைத்திருக்கிறார்கள். அதுவே முறை. பிழைத்த 19 பேர் வேறு விதமாகப் பெயர் சொன்னார்கள். பிள்ளைகளையும் பேரப்பிள்ளைகளையும் பெற்றார்கள். ஸாம்பா 95 வயது வரை வாழ்ந்து 2000-இல் இறந்தார். 2003-இல் ஸான்பிரான்ஸிஸ்கோவுக்கு வடகிழக்கே திறந்த ஒரு தொங்கு பாலத்துக்கு அவர் பெயரையே வைத்தார்கள். மந்திரிக்கும் கவர்னருக்கும் கிடைக்கிற மரியாதை, இரும்பு தூக்கின ஒரு தொழிலாளிக்குக் கிடைத்தது.

கடைசியாக ஒரு வார்த்தையைப் பற்றி. சாரம் சரிந்தோ, சுவர் இடிந்தோ ஆட்கள் இறந்தால் நம் பத்திரிகைகள் அதற்கு ஒரு தலைப்புப் போடுகின்றன: இருவர் பலி, மூவர் பலி. அவசரத்தில் படித்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பிவிடுகிறோம். பலி என்றால் ஒரு தெய்வத்துக்குக் கொடுப்பது. யார் கொடுத்தார்கள், எந்தத் தெய்வம் கேட்டது என்று நாம் விசாரிப்பதில்லை. இனிமேல் அந்தத் தலைப்பைப் பார்க்கும்போது வாசகர்கள் ஒன்றே ஒன்று கேட்டுப் பார்க்க வேண்டுமென்று விரும்புகிறேன்: அங்கே வலை இருந்ததா? சாரத்தின் பிடியை யாராவது பார்த்தார்களா? பாலம் ஒருநாளும் பலி கேட்டதில்லை. அதற்கு வேண்டியது இரும்பும், சிமென்ட்டும், கொஞ்சம் கவனமும்தான்.